ஜீஜீ ரீவா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீவாவும் ரிவேராவும் ஒரே ஆளா?

இல்லை. பெயர் ஒட்டியிருப்பதால் பழைய ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் பலரும் இதில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். லூயிஜி ரீவா, அழைக்கும் பெயர் ஜீஜீ, இத்தாலியின் சார்தீனியாத் தீவிலுள்ள கால்யாரி கால்பந்து கிளப்பின் இடதுகால் முன்கள வீரர். அவருடைய எண் 11. ஜான்னி ரிவேரா மிலான் கிளப்பில் 10ஆம் எண் போட்டு ஆட்டத்தை நடத்தியவர். இருவரும் ஒரே காலத்தில் இத்தாலிக்காக ஆடியதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. 1969ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் வாக்கெடுப்பில் ரிவேரா 83 புள்ளியோடு முதலிடம், ரீவா 79 புள்ளியோடு இரண்டாமிடம். 1970 உலகக் கோப்பை அரையிறுதியின் கூடுதல் நேரத்தில் 104ஆவது நிமிடம் கோல் போட்டது ரீவா, 111ஆவது நிமிடம் போட்டது ரிவேரா. அடையாளம் காண எளிய வழி: பந்தை வாங்கித் தலை நிமிர்ந்து யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடினால் ரிவேரா, வாங்கிய வேகத்தில் இடது காலை ஓங்கினால் ரீவா.

அவர் சார்தீனியாக்காரர்தானே?

பிறப்பால் இல்லை. வடக்கே லொம்பார்தியில், மஜ்ஜோரே ஏரியை ஒட்டிய லெஜ்ஜூனோ என்ற சிற்றூரில் 1944 நவம்பர் 7 அன்று பிறந்தார். அப்பா தொழிற்சாலை விபத்தில் 1953இல் இறந்தார்; பையனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. பிறகு விடுதிப் பள்ளி வாசம். அங்கிருந்த கெடுபிடியை அவர் கடைசிவரை வெறுத்தார். பதின்பருவம் முடியுமுன் அம்மாவும் போய்ச் சேர, அக்காவின் அரவணைப்பில்தான் வளர்ந்தார். ரீவா ஏன் அதிகம் பேசமாட்டார், ஏன் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டால் நகரமாட்டார் என்று கேட்பவர்கள் இந்தப் பத்து வருடத்தை முதலில் படிக்க வேண்டும்.

சார்தீனியாவுக்கு எப்படி வந்தார்?

மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த லென்யானோ கிளப்பிலிருந்து 1963இல் கால்யாரி அவரை வாங்கியது. விலை 3 கோடியே 70 லட்சம் லீரா. கால்யாரி அப்போது இரண்டாம் பிரிவான சீரி பி அணி. முதல் பிரிவை அது எட்டிப் பார்த்ததே கிடையாது.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்று நாம் சொல்வோமே, 1960களில் இத்தாலியின் மற்ற பகுதியினர் சார்தீனியாவைப் பார்த்தது அப்படித்தான். ஆடு மேய்ப்பவர்களும் வழிப்பறிக்காரர்களும் இருக்கும் தீவு என்று வெளியூர் மைதானங்களில் கத்துவார்கள். ரீவாவும் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். முதல் பருவத்திலேயே 8 கோல் போட, 1964இல் கால்யாரி முதல் பிரிவான சீரி ஏவுக்கு ஏறியது. அதன் பிறகு அவர் வேறெந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை.

களத்தில் அவருடைய இடம் எது? விங்கரா, சென்டர் ஃபார்வர்டா?

இரண்டுக்கும் நடுவில். 11ஆம் எண் அந்தக் காலத்தில் இடது விங்குக்கு உரியது, ரீவா தொடங்கியதும் அங்கேதான். ஆனால் கோட்டை ஒட்டி ஓடிப் பந்தை உள்ளே அனுப்பும் வேலையோடு அவர் நிற்கவில்லை. இடது பக்கம் ஆளை இழுத்துவிட்டு, கோலை நோக்கிக் குறுக்கே வெட்டி உள்ளே வருவார்.

இதற்கு இடம் வேண்டும் அல்லவா? பட்டம் வென்ற கால்யாரி அணியில் 9ஆம் எண் போட்ட செர்ஜோ கோரி கோல் முன்னால் குத்தவைத்து நிற்காமல் பின்னே இறங்கி ஓடியாடுவார். அவரைப் பிடிக்கும் ஸ்டாப்பரும், அதாவது நடுத் தடுப்பாளரும், கூடவே இறங்குவார். நடுவில் திறக்கும் அந்தச் சந்தில் ரீவா நுழைவார். வலது பக்கத்திலிருந்து ஆஞ்ஜெலோ தொமெங்கினி பந்தைக் குறுக்கே அனுப்புவார். கேட்க எளிது. இத்தாலியின் அத்தனை தடுப்பாட்டக்காரர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

1969-70 பட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இத்தாலி லீக் பட்டம் அதுவரை ரோமுக்குத் தெற்கே போனதே இல்லை. மிலான், இன்டர், யுவென்டஸ் என்று வடக்கின் பணக்காரக் கிளப்புகள் மாறி மாறி எடுத்துச் செல்லும் பட்டத்தை, ஆறே வருடம் முன்பு முதல் பிரிவுக்கு வந்த தீவு அணி தூக்கிக்கொண்டு போனது.

கணக்கைப் பாருங்கள். அப்போது 16 அணிகள், 30 ஆட்டங்கள், வெற்றிக்கு 2 புள்ளி. கால்யாரி 17 வெற்றி, 11 டிரா, 2 தோல்வி, மொத்தம் 45 புள்ளி. இரண்டாமிடம் வந்த இன்டருக்கு 41. போட்ட கோல் 42, வாங்கிய கோல் 11. முப்பது ஆட்டத்தில் பதினொன்றுதான்! ரீவாவின் 21 கோலை எல்லோரும் சொல்வார்கள். பட்டத்தைக் கட்டிக் காத்தது இந்த 11 என்ற எண் என்பதே எங்கள் கட்சி. கோல்கீப்பர் என்ரிக்கோ ஆல்பெர்த்தோசி, அவருக்கு முன்னால் பியெர்லூயிஜி செரா. செரா உண்மையில் நடுக்கள வீரர். பருவத்தின் நடுவில் தொமசீனி காயமடைந்ததும் கடைசித் தடுப்பாளராக, அதாவது லைபெரோவாகப் பின்னே இறங்கினார். நடுக்களக் கால் அல்லவா, பந்தைக் கண்மண் தெரியாமல் உதைத்து விரட்டாமல், நிதானமாக முன்னே கொண்டுவந்து கொடுத்தார். தாக்குதல் அங்கிருந்தே கிளம்பியது.

அணி எப்படிச் சேர்ந்தது என்பதும் முக்கியம். 1969இல் ரொபெர்த்தோ போனின்சென்யாவை இன்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு தொமெங்கினி, கோரி, போலி என்று மூவரை வாங்கினார்கள். கோல் போடும் ஒருவரைக் கொடுத்துவிட்டு ரீவாவுக்கு வேலை செய்யும் ஆட்களைச் சேர்த்தது, இன்றைக்குப் பார்த்தாலும் கெட்டிக்கார வியாபாரம்.

பயிற்சியாளர் மன்லியோ ஸ்கோப்பின்யோ. தத்துவவாதி என்று பட்டப்பெயர். ஓயாமல் புகைப்பவர், வீரர்களை வேவு பார்க்காதவர். ஆட்டத்துக்கு முன்னிரவு புகைமண்டிய அறையில் சீட்டாடிக்கொண்டிருந்த வீரர்களிடம், நானும் ஒன்று பற்றவைத்தால் உங்களுக்குத் தொந்தரவா என்று கேட்டாராம். சில நிமிடத்தில் அறை காலி. பலெர்மோவில் தோற்ற ஆட்டத்தில் லைன்ஸ்மேனைத் திட்டியதற்காக மாதக்கணக்கில் தடை வாங்கி, பருவத்தின் பெரும்பகுதியை அவர் மேலே பார்வையாளர் இடத்திலிருந்துதான் பார்த்தார்.

பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டம் எது?

1970 மார்ச் 15, தூரினில் யுவென்டஸுக்கு எதிராக. துரத்தி வந்துகொண்டிருந்த அணியே அதுதான். முதலில் கால்யாரியின் ஸ்டாப்பர் கொமுனார்தோ நிக்கொலாய் சேம்சைடு கோல் போட்டுவிட்டார். (இந்த வகைக் கோலுக்கு இத்தாலியில் அவர் பெயரைச் சொன்னாலே போதும் என்ற அளவுக்குப் பெயர் எடுத்தவர். நல்ல தடுப்பாட்டக்காரர், பாவம்.) ரீவா சமன் செய்தார். பிறகு யுவென்டஸுக்குப் பெனால்டி. ஹல்லர் அடித்ததை ஆல்பெர்த்தோசி தடுத்துவிட்டார். நடுவர் லோ பெல்லோ மறுபடி அடிக்கச் சொன்னார். இந்த முறை அனஸ்தாசி வந்து அடித்து கோலாக்கினார். கால்யாரி ஆட்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அதே நடுவர் கால்யாரிக்கும் ஒரு பெனால்டி தந்தார். ரீவா அடித்தார், 2-2.

ஏப்ரல் 12 அன்று சொந்த மைதானமான அம்சிகோராவில் பாரி அணியை 2-0 என்று வென்றபோது, இன்னும் இரண்டு ஆட்டம் மீதி இருக்கையிலேயே பட்டம் உறுதியானது. ரீவா தலையால் ஒன்று, கோரி ஒன்று. அம்சிகோரா சின்ன மைதானம். அதே வருடம் கிளப் சான்ட் எலியா மைதானத்துக்கு இடம் மாறிவிட்டது.

இத்தாலிக்காக 42 ஆட்டத்தில் 35 கோல் என்ற சாதனை இன்னும் நிற்கிறதா?

நிற்கிறது. அடுத்து ஜுசெப்பே மெயாட்ஸா, 53 ஆட்டத்தில் 33. பிறகு சில்வியோ பியோலா, 34 ஆட்டத்தில் 30. ரொபெர்த்தோ பாஜ்ஜோவும் தெல் பியெரோவும் 27இல் நின்றுவிட்டார்கள்.

இங்கே ஒரு திருத்தம். ஆட்டத்துக்கு இத்தனை கோல் என்ற விகிதத்திலும் ரீவாதான் முதல் என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. ரீவாவுக்கு 0.83, பியோலாவுக்கு 0.88. மொத்த எண்ணிக்கையில் ரீவா முதல், விகிதத்தில் பியோலா மேலே.

எளிய எதிரிகளிடம் போட்ட கோல்கள்தானே என்றும் கேட்பார்கள். கொஞ்சம் உண்மை உண்டு: 1967 நவம்பர் 1இல் சைப்ரஸுக்கு எதிராக 3, 1973 மார்ச் 31இல் லக்ஸம்பர்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4. ஆனால் 1970 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ், கிழக்கு ஜெர்மனி என்ற இரண்டு முரட்டு அணிகளோடு நான்கு ஆட்டம். இத்தாலி போட்ட கோல் 10, அதில் ரீவா போட்டது 7. கார்டிஃபில் 1, கிழக்கு பெர்லினில் 2, ரோமில் 3, நேப்பிள்ஸில் 1. இதை எளிய எதிரி என்று தள்ள முடியாது.

இன்னொன்று. இந்த 35இல் முதல் கோல் 1967 நவம்பரில், கடைசி கோல் 1973 அக்டோபர் 20இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக. ஆறு வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, நடுவில் கால் முறிந்து கிடந்த மாதங்களையும் சேர்த்து.

கிளப் கோல் எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக இருக்கிறதே, எது சரி?

எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சீரி ஏ மட்டும் என்றால் 289 ஆட்டம், 156 கோல். முதல் வருடத்து சீரி பியின் 8 கோலைச் சேர்த்தால் லீக்கில் மொத்தம் 164. இத்தாலியக் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள் எல்லாவற்றையும் சேர்க்கும் பட்டியல்கள் 200ஐத் தாண்டும். ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே வகைக் கணக்கை எடுக்கிறோமா என்று பாருங்கள். பெரும்பாலான சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

லீக்கில் அதிக கோல் போட்டவர் என்ற பட்டத்தை அவர் மூன்று முறை வாங்கினார்: 1966-67, 1968-69, 1969-70. நடுவில் உள்ள பருவத்துக்குச் சிலர் 20 என்றும் சிலர் 21 என்றும் போடுகிறார்கள். பருவவாரியாகக் கூட்டி 156 வர வேண்டுமானால் அதை 20 என்று எடுக்க வேண்டும்.

உதை அவ்வளவு பலமா? ஒருவரின் கையை முறித்தது என்கிறார்களே?

பயிற்சியின்போது கோலுக்குப் பின்னால் நின்ற ஒரு சிறுவனின் கை ரீவாவின் பந்து பட்டு முறிந்தது என்பது கால்யாரியில் எல்லோரும் சொல்லும் சம்பவம். வேகத்துக்கு எண் கேட்காதீர்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று உலவும் கணக்குகள் அந்தக் காலக் கருவிகளை வைத்து நம்பும்படி அளந்தவை அல்ல.

படத்தில் பார்த்தாலே விஷயம் புரியும். வலது காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஆழ ஊன்றுவார். பின்னோக்கி இழுக்கும் இடது காலின் வீச்சு பெரிதாக இருக்காது. முழங்கால் பந்துக்கு மேலே வந்து, உடம்பின் எடை முழுக்க முன்னே சாயும்போதுதான் பாதம் பந்தில் படும். அதனால் பந்து மேலே எகிறாமல், தாழ்வாகவும் நேராகவும் போகும். வலது கால் அவருக்கு ஊன்றுகோல் மாதிரி. உதைக்க அனேகமாகப் பயன்படுத்தமாட்டார். எதிரிகளுக்கும் இது தெரியும். இடது பக்கத்தை அடைத்து நிற்பார்கள். அப்போதும் அரை அடி இடம் கிடைத்தால் போதும்.

எத்தனை முறை கால் முறிந்தது?

பெரிய காயம் மூன்று. முதல் இரண்டும் கிளப்புக்காக அல்ல, நாட்டுக்காக ஆடும்போது வந்தவை. கால்யாரி மக்களுக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு.

1967 மார்ச் 27, ரோம், போர்ச்சுகலுக்கு எதிராக. கோல்கீப்பரோடு மோதியதில் இடது காலின் கீழ் எலும்புகள் இரண்டும் முறிந்தன. அவரை வாழவைத்த கால். லீக் பருவம் முடிய இன்னும் வாரங்கள் இருந்தன. ஆனால் அதற்குள் போட்டிருந்த 18 கோலை யாரும் தாண்டாததால் முதல் முறையாக அதிக கோல் பட்டம் படுக்கையில் இருந்தவரைத் தேடி வந்தது. அந்த நவம்பரில் சைப்ரஸுக்கு எதிரான 3 கோல், முறிந்து ஏழு மாதம் கழித்து.

1970 அக்டோபர் 31, வியன்னா, ஆஸ்திரியாவுக்கு எதிராக. பின்னாலிருந்து வந்த நோர்பெர்ட் ஹோஃப் அடித்ததில் வலது கால் முறிந்தது. இதன் விலை மிகப் பெரிது. கால்யாரி அப்போது நடப்புச் சாம்பியன், கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் அட்லெட்டிகோ மாட்ரிட்டை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்றிருந்தது. நான்கே நாள் கழித்து நவம்பர் 4 அன்று ரீவா இல்லாமல் மாட்ரிட்டில் 3-0 என்று தோற்று வெளியேறியது. பட்டத்தைத் தக்கவைக்கும் ஆசையும் அத்தோடு போனது. ஆனால் அடுத்த பருவத்தில், அதாவது 1971-72இல், அவர் மறுபடி 21 கோல் போட்டார். இரண்டு காலும் முறிந்து சேர்ந்தவர் என்பதை நினைவில் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள்.

1976 பிப்ரவரி 1, மிலானுக்கு எதிராக. வலது தொடையின் உள்தசை கிழிந்தது. எலும்பு சேரும், இது சேரவில்லை. வயது 31. திரும்பி வரப் பலமுறை முயன்றும் முடியவில்லை. அந்தப் பருவத்திலேயே கால்யாரி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

கோப்பை எதுவும் வென்றாரா?

இத்தாலி அணியோடு, நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை, 1968. யுகோஸ்லாவியாவுடனான இறுதி ஆட்டம் 1-1 என்று முடிய, அப்போது பெனால்டி முறை கிடையாது என்பதால் இரண்டு நாள் கழித்து ஜூன் 10 அன்று மறு ஆட்டம் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் இல்லாத ரீவாவைப் பயிற்சியாளர் வல்கரெஜ்ஜி இறக்கினார். 12ஆவது நிமிடத்தில் கோல். பிறகு அனஸ்தாசி ஒன்று, 2-0.

உலகக் கோப்பை கிடைக்கவில்லை. 1970 மெக்சிகோவில் முதல் சுற்று மூன்று ஆட்டத்திலும் ரீவாவுக்கு கோல் இல்லை. காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிராக 2, அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக அந்தப் புகழ்பெற்ற 4-3இல் 1. இறுதியில் பிரேசில் 4-1 என்று வென்றது. 1974இல் ஆர்ஜென்டினாவுடனான ஆட்டமே இத்தாலியின் நீல உடையில் அவருக்குக் கடைசி.

யுவென்டஸ் கூப்பிட்டும் ஏன் போகவில்லை?

அன்றைய விதிகள் தெரிந்தால்தான் இந்த மறுப்பின் அருமை புரியும். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் கிளப்பின் பிடியிலேயே இருப்பார். 1981இல் வந்த சட்டம்தான் இந்தப் பிடியை அவிழ்த்தது. அதனால் வீரரை எங்கே விற்பது என்பதைக் கிளப்புகள்தான் பேசி முடிக்கும். கால்யாரி நிர்வாகமும் விற்கத் தயாராகவே இருந்தது, பணமும் பெரும் பணம். மறுத்தது ரீவா. இங்கே மீனவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் தன்னை வீட்டுப் பிள்ளையாக வைத்திருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். சிறு வயதிலேயே வீடு கலைந்துபோன ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டங்களை இழந்தார் என்பதும் உண்மைதான். யுவென்டஸுக்குப் போயிருந்தால் இன்னும் சில வந்திருக்கும்.

இடிமுழக்கம் என்ற பட்டப்பெயரை ரீவாவுக்கு வைத்தது யார்?

விளையாட்டு எழுத்தாளர் ஜான்னி பிரெரா. இத்தாலியனில் ரொம்போ தி துவோனோ. 1970 அக்டோபர் 25 அன்று மிலானில் இன்டரை கால்யாரி 3-1 என்று வென்ற ஆட்டத்தில் ரீவா 2 கோல் போட்டதை ஒட்டி எழுதியது. வியன்னாவில் கால் முறிந்தது இதற்கு ஆறே நாள் கழித்து.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

கால்யாரியிலேயே குடியிருந்தார். சிறுவர்களுக்குக் கால்பந்துப் பள்ளி தொடங்கினார், 1980களில் கொஞ்ச காலம் கிளப்பின் தலைவராக இருந்தார், பிறகு 2013 வரை தேசிய அணியோடு மேலாளராகப் பயணம் செய்தார். ஆகவே 2006இல் பெர்லினில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அவரும் அந்தக் குழுவில் ஒருவர். 2019இல் கிளப் அவரைக் கௌரவத் தலைவராக்கியது. 2024 ஜனவரி 22 அன்று, 79ஆவது வயதில், கால்யாரி மருத்துவமனையில் காலமானார்.

புதிதாகப் பார்க்க வருபவர் எந்த கோலிலிருந்து தொடங்கலாம்?

1969 நவம்பர் 22, நேப்பிள்ஸ், கிழக்கு ஜெர்மனிக்கு எதிரான மூன்றாவது கோல். தாழ்வாக வரும் பந்துக்குக் காலை நீட்டாமல், தரைக்கு இணையாகப் பாய்ந்து தலையால் அடிப்பார். முழங்கால் உயரத்தில் வரும் பந்துக்குத் தலையைக் கொடுக்கும் துணிச்சல்தான் பார்க்க வேண்டியது.

அடுத்து 1970 ஜனவரி 18, விச்சென்சாவுக்கு எதிரான பைசைக்கிள் கிக், அதாவது அந்தரத்தில் மல்லாந்து தலைக்கு மேலாகப் பின்னோக்கி உதைப்பது. அதன் பிறகு மெக்சிகோ அரையிறுதியின் 104ஆவது நிமிடம்: பெனால்டி எல்லையின் விளிம்பில் பந்தை வாங்கி, ஜெர்மன் தடுப்பாளர் ஷ்னெல்லிங்கரை ஒரே அசைவில் விலக்கி, இடது காலால் தூரத்து மூலைக்குத் தாழ்வாகத் தள்ளுவார். இடி மட்டும்தான் தெரியும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

கால்யாரியில் 11ஆம் எண் இப்போது யாருக்கு?

யாருக்கும் இல்லை. 2005 பிப்ரவரி 9 அன்று, அதே ஊரில் இத்தாலி ரஷ்யாவோடு ஆடிய நாளில், கிளப் அந்த எண்ணை ஓய்வு பெறச் செய்துவிட்டது. இப்போதைய கால்யாரி அணிப் பட்டியலில் 10க்கு அடுத்து 12 வந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.